எர்த் வயரை வெட்டிய கை

எங்கள் பட்டறையில் அவளை இடி என்றுதான் கூப்பிடுவோம். ஆம்ப்ளிஃபயருக்குச் சர்க்யூட் போர்டு வரைகிறவள். கோளாறு என்றால் முதலில் குறடு பறக்கும், அப்புறம்தான் பேச்சு. போர்டில் ஈயம் பற்றவைக்கிற என் நெற்றியில் உள்ள தழும்பு அப்படி வந்ததுதான். மன்னிப்பு கேட்கிற ரகமும் இல்லை.

புதிதாக வரைந்த போர்டு உறுமியது. மைக்கையும் பாட்டையும் கலந்து அனுப்புகிற மிக்ஸரிலிருந்து வரும் கேபிளின் எர்த்தை நேரே ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியில் சேர்க்காமல், பாட்டு ஓடுகிற மெல்லிய செம்புத் தடத்தில் சேர்த்திருந்தாள். சுவர் எர்த்தின் கரண்ட் அதற்குள் புகுந்து ஸ்பீக்கரில் உறுமியது.

"என் தப்புதான் மாமா. ஒரு வாரம் குடுங்க, வேற வரைஞ்சு தர்றேன்" என்றாள். முதலாளி அவளுக்குத் தாய்மாமன். தலையை ஆட்டிவிட்டு, அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து எல்லாப் பெட்டியின் பவர் கேபிளிலும் எர்த் வயரை நறுக்கிவிட்டார். உறுமல் போன இடம் தெரியவில்லை. மனுஷன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

சோதிக்க உட்கார்ந்தவன் இடியின் தம்பி. ஒரு பெட்டிக்குள் கரண்ட் வயர் விளிம்பில் நசுங்கி இரும்பைத் தொட்டிருந்தது. எர்த் இருந்தால் ஃபியூஸோடு போயிருக்கும். கேபிளைச் சொருகப் போனவனுக்கு ஒரு கை பெட்டியில், மறு கை எர்த் உள்ள மிக்ஸரில்; கரண்ட் அவன் வழியாகப் பாய்ந்தது. அவன் கத்தவில்லை. பல் கிட்டித்துப்போய், விரல் கருகுகிற நாற்றம்தான் வந்தது.

திரும்பி வந்த இடி மர ஸ்டூலைத் தூக்கி அவன் கையில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்தது, பிடி விட்டது. மூச்சு இல்லை. நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். விலா உடைகிற சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது. மூச்சு வந்தது.

பிறகு ஸ்டூல் மாமா பக்கம் திரும்பியது.

"உன் போர்டுதானடி உறுமுச்சு" என்றார், கையால் முகத்தை மறைத்தபடி.

"ஆமா. உறுமத்தான் செஞ்சுது. ஆளைக் கொல்லல."

அடி அவர் மணிக்கட்டில் விழுந்து எலும்பு முறிந்தது. இன்னொன்று தோளில். பிடித்து இழுக்கப் போன எனக்கு ஒரு பல் போயிற்று. கடைசியில் தான் வரைந்த போர்டுகளையும் சுத்தியலால் ஒன்று விடாமல் நொறுக்கினாள்.

தம்பி பிழைத்தான். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ரத்த சொந்தமாயிற்றே, போலீஸ் வரை போகவில்லை. அவள் வேறு போர்டு வரைந்தாள், அது உறுமவில்லை.

இப்போது ஒவ்வொரு பெட்டியும் வெளியே போகும் முன் மாமாதான் தொட வேண்டும். கோணலாகக் கூடிய அந்தக் கை பெட்டியில், மறு கை மிக்ஸரில். ஸ்விட்சில் தம்பியின் மூன்று விரல். இடி பக்கத்தில் நிற்பாள்.

"போடட்டுமா மாமா?"

மாமா குனிந்து எர்த் வயரை இழுத்து இழுத்துப் பார்ப்பார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "போடுடா" என்பார்.