சைரன் ஒலிக்காத நாளில் ரிஸ்னா டீச்சர்

செய்தி வந்தபோது நான் நாவலப்பிட்டியில் அடைபட்டிருந்தேன். மழையில் பாதைகள் உடைந்திருந்தன. மின்சாரம் இல்லை. கைப்பேசிக்குச் சிக்னல் தேடி ரயில் பாலம் வரை நடந்து போயிருந்தபோது, கொழும்பிலிருந்து ரிஸ்னா டீச்சரின் தம்பி அழைத்தார். முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள். "சேர், எங்கட தாத்தா மௌத்தாகிட்டா. உம்மாவும்தான். அம்பிட்டிய வீட்டுக்குப் பின்னால மண் இறங்கிட்டுது. எனக்கு அங்க போக ஒரு வழியும் இல்ல. நீங்க போவீங்களா?" எனக்கும் வழியில்லை. ஆனாலும் போவதாகச் சொன்னேன்.

கண்டிக்குப் பக்கத்திலுள்ள அம்பிட்டியவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

கண்டியில் எங்கள் பாடசாலையில் ரிஸ்னா டீச்சர் கணிதம் படிப்பித்தார், நான் கணினி. ரோபோ அணியை இருவரும் சேர்ந்தே நடத்தினோம். மூன்றாம் இடம் கிடைத்த வருடம், போட்டி முடிந்த கையோடு பிள்ளைகள் அடுத்த போட்டிக்குப் பெரிய இயந்திரக் கை ஒன்று செய்யத் துடித்தார்கள். டீச்சர் ரோபோவை ஒரு பெட்டியில் வைத்துக் கட்டினார். "போட்டி ஒரு நாள்தான். மிச்ச நாளெல்லாம் நீங்க யாரு?" என்று கேட்டார். அந்த விடுமுறையில் ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு வான் வண்டி பிடித்துப் போனோம்.

ரோபோ பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் கைதட்டிக் கூச்சலிட்டார்கள். கொழுந்து எடுத்துவிட்டு மகளை லயத்து வரிசை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த செல்வமணி அக்கா கடைசிவரை நின்று பார்த்தார். பிறகு எங்கள் அணித்தலைவி தர்ஷினியிடம் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு பாப்பா. எங்க லயத்துக்கு மேல மண்ணு வெடிச்சுக் கெடக்கு. அதப் பாக்குமா இது?"

தர்ஷினி திரும்பி எங்களைப் பார்த்தாள். டீச்சர்தான் பதில் சொன்னார். "பாக்காது. பாக்கிற மாதிரி ஒண்டு செய்யலாமா எண்டு யோசிச்சுப் பாக்கிறோம்."

அந்த விடுமுறை முழுவதும் அதுதான் எங்கள் வேலை. வெடிப்பின் இரு பக்கமும் இரும்புக் குச்சிகளை நட்டு, இடையில் ஒரு கம்பியைக் கட்டினோம். மண் விலகிக் கம்பி இழுபட்டால், கீழே லயத்தில் சைரன் ஒலிக்கும். ஒரு சூரியத் தகடு, ஒரு பற்றரி, அவ்வளவுதான். கைப்பேசிச் செயலி செய்வோம் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். "அங்க சிக்னல் இருக்கா? முதல்ல சத்தம் வரட்டும்" என்று டீச்சர் முடித்துவிட்டார்.

சத்தம் வந்தது. ஆனால் கம்பியில் இடறியது ஓர் ஆடு. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு முழு லயமும் மழையில் ஓடியிருக்கிறது. அடுத்த முறை நாங்கள் போனபோது யாரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. "ஆடு மேஞ்சதுக்கு நாங்க ஓடணுமா டீச்சர்?" என்று செல்வமணி அக்கா நேராகவே கேட்டார். டீச்சர் எல்லோரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அதோடு நிறுத்தவில்லை. "இன்னும் பிழை விடும். ஒலிக்க வேண்டிய நேரத்தில ஒலிக்காமலும் போகும். இத நம்பித் தூங்கிடாதீங்க" என்றார். திரும்பும் வழியில் வானுக்குள் தர்ஷினி அழுதாள். இவ்வளவு பாடுபட்ட பிறகு நம்மை நாமே ஏன் இப்படித் தாழ்த்த வேண்டும் என்றாள். "நம்மட பேரு போனா திரும்ப எடுக்கலாம் மகள்" என்றார் டீச்சர்.

பின்பு அந்த மழை வந்தது. நாட்கணக்கில் வெயிலே இல்லை. பற்றரி இறங்கியிருக்கும் என்பதை டீச்சர் அம்பிட்டியவில் இருந்தபடியே கணித்திருக்கிறார். காலையிலிருந்து முயன்று, ஒருவழியாக செல்வமணி அக்காவுக்குத் தொடர்பு கிடைத்திருக்கிறது. அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சைரன் அடிக்கலயேன்னு இருக்காதீங்க, அது செத்துருக்கும், எழும்பி ஸ்கூலுக்குப் போங்கன்னு கத்துனாங்க சார். டீச்சர் கத்தி நான் கேட்டதே இல்ல. அதனாலதான் பயந்து எல்லாரையும் கெளப்புனேன்." பின்னேரம் லயத்தின் பாதி மண்ணுக்குள் போனது. உள்ளே ஒருவரும் இருக்கவில்லை.

அதே நேரத்தில் அம்பிட்டியவில் அயலவர்கள் டீச்சரை வெளியேறச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவருடைய உம்மா பக்கவாதத்தில் படுக்கையில் இருந்தவர். "ஓட்டோ வருது. உம்மாவ ஏத்திக்கொண்டு வாறேன்" என்று ஜன்னல் வழியாகச் சொல்லியிருக்கிறார். ஓட்டோ வரும் வழியில் மரம் விழுந்து கிடந்தது. பள்ளிவாசலில் இருந்து நான்கு பேர், உம்மாவை உட்காரவைத்துத் தூக்க ஒரு கதிரையோடு மேடேறினார்கள். அவர்கள் வளைவைத் தாண்டியபோது மண் இறங்கும் சத்தம் கேட்டதாம். நான் போனபோது அவர்களில் ஒருவர் அந்த இடத்தைக் காட்டினார். வீடு நின்ற இடத்தில் சிவந்த சேறும், சேற்றுக்கு வெளியே ஓர் அலுமாரியின் மூலையும்தான் தெரிந்தன.

அவரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சில வாரங்களில் ஒரு கண்காட்சியின் ஏற்பாட்டாளர்கள் எங்கள் கருவியைக் கேட்டு வந்தார்கள். 'உயிர் காத்த மாணவர் கண்டுபிடிப்பு' என்று பதாகையும் அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். தர்ஷினி அதை வாசித்தாள். "இது பொய். அண்டைக்கு எங்கட கருவி ஒலிக்கவே இல்ல. டீச்சர்தான் ஃபோன்ல கோல் எடுத்துச் சொன்னாங்க" என்றாள். வந்தவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. ஒருவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று. நான் பதாகையைச் சுருட்டி அவரிடமே கொடுத்தேன். ரிஸ்னா டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அதுதான்: கேட்பவருக்கு இனிக்காவிட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவது. அவருக்கு அது இயல்பாக வந்தது. எனக்கு இன்னும் தயங்கித் தயங்கித்தான் வருகிறது.

இந்த விடுமுறையில் அணி ரோபோ எதுவும் செய்யவில்லை. பிள்ளைகள் இருவர் இருவராக அம்பிட்டிய மேடுகளில் ஏறி, சரிவுக்குக் கீழே இருக்கும் வீடுகளின் கதவுகளைத் தட்டுகிறார்கள். "உங்கட வீட்டில நடக்க ஏலாத ஆக்கள் யாராவது இருக்கிறாங்களா?" என்று மட்டும் கேட்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் அப்படி யாரோ ஒருவர் இருக்கிறார்.