பன்னிரண்டாவது அணிந்துரை

சட்டத்தரணி ஞானேந்திரனுக்கு எழுத்தாளர்களைப் பிடிக்காது. மொன்றியலில் வெளிவந்த பதினொரு தமிழ்ப் புத்தகங்களை அவர்தான் தன் காசில் அச்சேற்றினார். பதினொன்றிலும் அவருடைய அணிந்துரை இருக்கிறது. பதினொரு மேடைகளில் முதற்பிரதி வாங்கியிருக்கிறார். இருந்தும் பிடிக்காது. நன்றி கெட்ட கூட்டம் என்பார். மேடையில் பொன்னாடை போர்த்திவிட்டு, வீட்டுக்குப் போய் முகநூலில் புரவலர்களைத் திட்டி எழுதுகிறவர்கள்.

சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதில் அவரும் ஏழு கவிதைகள் எழுதினார். யாழ்ப்பாணத்துச் சிற்றிதழ் ஒன்றுக்கு அனுப்பினார். கவிதைகள் திரும்பி வந்தன. கூடவே ஆசிரியரின் ஒரு வரி: 'தம்பி, சட்டத்தைக் கவனமாகப் படியுங்கள்.' படித்தார். பிறகு கவிதை பக்கம் போகவில்லை. எண்பத்தைந்தாம் ஆண்டில் மொன்றியலுக்கு வந்து, வாகனத் தரிப்பிடத்தில் காவல் நின்றுகொண்டே பிரெஞ்சு கற்று, முப்பத்தெட்டு வயதில் சட்டத்தரணியானார். செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு டெபனருக்கு, தெருமுனைப் பலசரக்குக் கடைக்கு, மேலே கந்தோர். அந்த நாள்களில் அகதி வழக்குக்கு வந்த சனம் படிக்கட்டு முழுக்க நிற்கும். இப்போது வயது எழுபத்தொன்று. படிக்கட்டில் யாரும் இல்லை. தட்டச்சு செய்கிற றோசா மட்டும் முப்பது வருடங்களாக அதே மேசையில் இருக்கிறார்.

பன்னிரண்டாவது புத்தகம் பிரஷாந்தினியுடையது. புவாண்ட்-கிளேரில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கும் வேலை செய்கிற பெண். சிறுகதைகள். இதைச் சென்னையில் ஒரு பதிப்பகம் போடுகிறது. மொன்றியல் புத்தகம் எதுவும் அதுவரை அங்கே போனதில்லை. இந்தப் புத்தகத்தில் தன் பெயர் இருந்தால் கடல் கடந்து நூலகங்களில் நிற்கும், தான் போன பிறகும் நிற்கும் என்று ஞானேந்திரன் கணக்குப் போட்டார். தன் அணிந்துரையும் வரும்படி பதிப்பகத்துக்குத் தானே எழுதி ஒழுங்கு செய்து, அதில் கையெழுத்து வைத்து அனுப்பினார்.

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு பிரஷாந்தினியிடமிருந்து ஒரு அழைப்பு வந்தது.

"சேர், நேரில கதைக்கவேணும். பன்னிரண்டரைக்கு எனக்குச் சாப்பாட்டு நேரம். இஞ்ச வாங்கோ."

ஒரு அலுவலுக்காக அவரை யாரும் வரச்சொல்லி அழைத்ததில்லை. சனம்தான் அவரைத் தேடி வரும். நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து, ஏசிக்கொண்டே போனார்.

வெயர்ஹவுஸுக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியின் சாப்பாட்டு மண்டபத்தில் மஞ்சள் மேலங்கியும் இரும்புமுனைச் சப்பாத்துமாக அவள் உட்கார்ந்திருந்தாள். எழும்பவில்லை. புட்டுப் பெட்டியை ஓரமாக நகர்த்தினாள்.

"அணிந்துரை வாசிச்சன் சேர்."

"நல்லாய் வந்திருக்கு எண்டு றோசா சொன்னவ."

"டைப் பண்ணினதும் அவதானே."

ஒரு தாளை அவர் முன்னால் வைத்தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி சிவப்பால் வட்டமிடப்பட்டிருந்தது. 'வினோஜாவின் கவிதைகளில் வடமராட்சிக் கடல் ஓயாமல் இரைகிறது.'

"என்ர புத்தகத்தில கவிதையும் இல்லை, கடலும் இல்லை. பதினாலு கதையும் வெயர்ஹவுஸ். ஆர் சேர் இந்த வினோஜா?"

வினோஜா, போன வருடம் அவர் அச்சேற்றிய பதினோராவது புத்தகத்தின் கவிஞர். ஞானேந்திரன் முதல் அணிந்துரையை ஒரு மாதம் இருந்து எழுதினார். மற்றவை எல்லாம் அதன் மேலேயே எழுந்தவை. றோசா பெயரை மாற்றுவார், தலைப்பை மாற்றுவார், இவர் கையெழுத்து வைப்பார். புத்தகத்தை வாசிக்கிற வழக்கம் இல்லை.

"அது றோசான்ர வேலை. ஒரு பேர்தானே பிள்ளை, மாத்தி அனுப்பச் சொல்லுறன்" என்று சிரித்தார்.

"விழாவுகளில நீங்கள் ஒரு படகுக்காரன்ர கதை சொல்லுவியளே."

அவருக்கு முகம் மலர்ந்தது. அது கைதட்டல் வாங்கும் கதை. பேச்சு மாறியதே போதும் என்று சொல்லத் தொடங்கினார்.

"அந்த மனிசனோ! அகதிக் கேசுக்கு எழுதிக் குடுத்த வாக்குமூலத்தில நேவி அவன்ர படகை எரிச்சது எண்டு இருக்கு. விசாரணை அதிகாரி கேக்கிறார், உம்மட படகு என்ன நிறம் எண்டு. இவன் எழும்பி நிண்டு சொல்லுறான், 'எனக்குப் படகு இல்லை ஐயா, நான் தபால்கந்தோர் கிளாக்கர்!' கேஸ் அங்கயே தோத்துப்போச்சு."

அவர் மட்டும் சிரித்தார்.

"அவற்ர பேர் என்ன சேர்?"

"ஆருக்கு ஞாபகம்? தொண்ணூற்றிமூண்டாம் ஆண்டு."

"சிவக்கொழுந்து. என்ர அப்பா."

ஞானேந்திரனுக்கு முதலில் தோன்றியது, தன்மேல் முறைப்பாடு செய்யக் காலம் கடந்துவிட்டது என்பதுதான். அதன் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கிளாக்கரின் முகம் நினைவில் இல்லாததால், ஒப்பிட எதுவும் இருக்கவில்லை.

"படகு வேற ஆற்றயோ கேசில இருந்தது. அப்பான்ர வாக்குமூலத்துக்க அது எப்பிடி வந்தது சேர்? இங்கிலீசில எழுதி, வாசிச்சும் காட்டாமல் கையெழுத்து வாங்கினனீங்கள்."

"அந்த நாளில எத்தினை பேர் வந்தவை தெரியுமே? ஒவ்வொருத்தருக்கும் புதுசு புதுசாய் எழுத ஏலுமே? நீலம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அலுவல் முடிஞ்சிருக்கும். அது உம்மட அப்பான்ர பிழை."

"அண்டைக்கும் விசாரணை வாசலில வைச்சு அப்பாட்ட இதைத்தான் சொன்னனீங்களாம்." அவள் குரலை உயர்த்தவில்லை. "பேப்பர் இல்லாமல் டவுன்டவுனில கோப்பை கழுவினவர். எனக்கு அஞ்சு வயசில ஊரை விட்டுப் போனவர். பேந்து ஒரு மாதிரிப் பேப்பர் கிடைச்சு எங்களைக் கூப்பிட்டவர், பதினேழு வயசில எயார்போட்டில பாத்தன். ஆர் எண்டு தெரியேல்லை. அவருக்குப் பக்கத்தில நிண்ட மனிசனுக்கு வணக்கம் சொன்னன்."

"சரி, இப்ப என்ன வேணும்? மன்னிப்பே?"

"வேண்டாம். உங்கட அணிந்துரையைப் போடுறன்."

அவர் கதிரையில் சாய்ந்தார்.

"ஆனால் இப்பிடியே. ஒரு எழுத்தும் மாத்தேலாது. வினோஜாவும் இருப்பா, கடலும் இருக்கும். விருப்பமில்லையெண்டால் எடுத்திடலாம். பதிப்பகத்தோட கதைச்சிட்டன். ரெண்டும் அவைக்குச் சம்மதம்."

"உனக்கு விசரே? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உங்களுக்குச் சிரிப்புக் கதை விருப்பம்தானே."

"உன்ர புத்தகம்தான் நாறும்."

"ஓம். நாறினால் நாறட்டும்."

"நான் வழக்குப் போடுவன்!"

"போடுங்கோ. உங்கட கையெழுத்துத்தான் கீழ இருக்கு." பெட்டியை மூடி எழும்பினாள். "வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. ஒரு மணிக்கு நான் உள்ளுக்க நிக்கவேணும்."

அன்று மாலையே அணிந்துரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினார். நல்ல கடிதம். மானநட்டம், நம்பிக்கைத் துரோகம் எல்லாம் அதில் இருந்தன. அனுப்பவில்லை. வியாழக்கிழமை மறுபடி வாசித்தார். அதை அனுப்பினால் தான் இல்லாமலே புத்தகம் சென்னைக்குப் போய்விடும். இன்னொன்று போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அணிந்துரையை யார் வாசிக்கிறார்கள் என்று யோசித்தார். தன் அலுமாரியில் இருந்த புத்தகங்களை நினைத்துப் பார்த்தார். ஒன்றின் அணிந்துரையைக்கூட அவர் வாசித்திருக்கவில்லை. கடைசியில் இருக்கும் பெயரைத்தான் பார்ப்பார்கள்.

வெள்ளி காலை கந்தோருக்குள் நுழைந்து மேலங்கியைக் கழற்றாமலே சொன்னார்.

"றோசா, அந்தப் பெட்டைக்கு எழுதும். அப்பிடியே போடட்டாம்."

"பிழையோடயோ சேர்?"

"உம்மட பிழைதானே!"

"நீங்கள் காட்டித் தந்த மாதிரித்தானே சேர் முப்பது வருசமும் செய்தனான்."

அவர் மேலங்கியைக் கழற்றி மாட்டினார். அறைக் கதவுவரை போய்த் திரும்பி நின்றார்.

"பேருக்குக் கீழ 'புரவலர்' எண்டு போடுவினமோ எண்டும் கேளும்."