மேல்வீட்டுக்காரியின் இடது காது

"ஊது" என்றார் சூப்பர்வைசர்.

தரையில் ஒரு மரப்பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவளுக்கு அவர் முகம் ஒன்றாகத் தெரியவில்லை. இரண்டு முகங்கள் வலப்பக்கமாக ஓடின, திரும்பி வந்து நின்றன, மறுபடி ஓடின. வாயோரத்தில் வாந்தி இன்னும் காயவில்லை. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட விடாமல் அந்த மனிதர் குனிந்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஊதும்மா. காலங்காத்தால என்னத்தப் போட்டுட்டு வந்தே?"

வெந்நீரைக்கூட ஆறவைத்துக் குடிக்கிறவளைப் பார்த்துக் கேட்டார். கையில் தெம்பிருந்தால் அந்த மூக்கிலேயே ஒன்று விட்டிருப்பாள். தலையைத் தூக்கினாலே மறுபடி குமட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊதினாள்.

இரும்புச் சுருள்களை ஏற்றி இறக்கும் அந்த ஷெட்டில் அவளுக்கு மேல்வீட்டுக்காரி என்று பெயர். கூரையை ஒட்டி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தண்டவாளத்தில் ஓடும் கிரேன். அதன் அடியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் பதினேழு வருஷமாக அவள்தான் குடித்தனம். நாற்பத்திரண்டு படி ஏறிப் போனால் சாப்பாட்டு மணிக்குத்தான் இறங்குவாள். "மேல்வீட்டுல ஆள் வந்தாச்சா?" என்று கீழே யாராவது குரல் கொடுத்தால், வந்தாச்சு என்று மணியை ஒரு தட்டுத் தட்டுவாள். வாய் கொஞ்சம் நீளம். அவள் மேலேயிருந்து திட்டினால் வாசலில் நிற்கும் லாரிக்காரனுக்கும் உறைக்கும். ஆனால் கை சுத்தம். எட்டு டன் சுருளைத் தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல லாரியில் விடுவாள்.

அன்று காலையில் நடந்தது இதுதான். சுருள் ஒன்று ஆள் உயரத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று இடது காதுக்குள் தண்ணீர் புகுந்தாற்போல அடைத்தது. அதற்குள்ளிருந்து பெரிய காற்றாடி ஓடுவதுபோல ஓர் இரைச்சல். இதென்ன என்று நினைப்பதற்குள் ஷெட் முழுவதும், தண்டவாளம், லாரி, ஆட்கள் எல்லாம், ஒரே சுழற்றாகச் சுழன்றது. கைப்பிடியை விட்டால் கிரேன் அப்படியே நின்றுவிடும். சுருளும் அந்தரத்தில் நிற்கும். அதன் அடியில் நான்கு பேர். விடாமல் மணியை அடித்தாள். கீழே நின்று சைகை காட்டும் கைக்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டு ஆட்களை விரட்டினார். அவர் இறக்கு, இறக்கு என்று காட்டிய கை அவளுக்கு நாலு கையாகத் தெரிந்தது. பார்ப்பதை விட்டுவிட்டாள். கைப்பழக்கத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வடம் தளர்ந்தது கையில் தெரிந்த பிறகுதான் விட்டாள். அப்புறம் கூண்டுக்குள்ளேயே வாந்தி. இரண்டு பேர் ஏறிப்போய்க் கயிறு கட்டி இறக்கினார்கள்.

இத்தனைக்கும் சூப்பர்வைசர் பதிவேட்டில் எழுதியது ஒரே வரி: 'பணியின்போது மது அருந்தியிருந்ததாகத் தெரிகிறது.' வாந்தி நாற்றத்தில் மது நாற்றம் எப்படித் தெரிந்ததென்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வாரம் அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

அதற்கப்புறம் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினாள். முதல் ஆள், வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னார். இரண்டாமவர் கழுத்தெலும்பு தேய்மானம் என்று பட்டை மாட்டிவிட்டார். மூன்று மாதம் அதைப் போட்டுக்கொண்டு, யானை திரும்புவதுபோல உடம்போடு திரும்பினாள். மூன்றாமவர் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வரும். மனசைச் சந்தோஷமா வச்சுக்கோங்க" என்று ஒரு மாத்திரை எழுதினார். நாற்பத்து நாலு வயதில் இதெல்லாம் வருமென்றால் எதெல்லாம் என்று கேட்டாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இதில் யாருக்கும் புரியாத ஒன்று காது. சில நாள் இடப்பக்கம் பஞ்சடைத்தாற்போல மந்தம். இரண்டு நாள் கழித்து எல்லாம் தெளிவாகக் கேட்கும். மறுபடி மந்தம். பூட்டுக் கடை வைத்திருந்த அவள் கணவர், ஊருக்கெல்லாம் சாவி வெட்டிக் கொடுப்பவர், இந்தப் பூட்டை மட்டும் தப்பாகப் புரிந்துகொண்டார்.

"நேத்து அடுத்த ரூம்ல நான் முணுமுணுத்தது கேட்டுச்சு. இன்னைக்குப் பக்கத்துல நின்னு கத்தினாக் கேக்கல. உனக்கு வேண்டியது மட்டும்தான் காதுல விழும் போலிருக்கு."

"ஆமா, நடிக்கிறேன். பட்டம் தரப்போறாங்க, வாங்கிட்டு வந்து மாட்டுங்க" என்று அவள் கையிலிருந்த தட்டை வீசினாள். அந்த வீட்டில் இப்படியே ஓடிய ஒன்றரை வருஷத்தில் உடைந்த சாமான்கள் கொஞ்சமல்ல.

வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தாள். உடம்பில் ஒன்றுமில்லை என்று மூன்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டில் உட்கார முடியுமா? சுற்றல் வருவதற்கு அரைமணி முன்பே காது அடைக்கும் என்று கண்டுகொண்டாள். அடைத்ததும், வயிறு சரியில்லை என்று சொல்லி இறங்கி ஓய்வறையில் படுத்துக்கொள்வாள். கைக்காரர் மட்டும், "என்ன தங்கச்சி, முகம் வெளுத்திருக்கு?" என்பார். "ஒண்ணுமில்லண்ணே" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உண்மை கணவரின் கண்ணெதிரே வந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் யாரோ காலை வாரிவிட்டதுபோல விழுந்தாள். தலையைத் தூக்கப் போனவர் அவள் கண்களைப் பார்த்து மிரண்டுவிட்டார். கருவிழி இரண்டும் ஒரு பக்கமாக வழுக்கிப் போவதும், வெடுக்கென்று திரும்புவதும், மறுபடி வழுக்குவதுமாக ஓயாமல் ஆடின. மூன்று மணி நேரம் அவள் தரையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள், தரை நழுவிவிடும் என்பதுபோல. அவர் வாளியை எடுத்து வைப்பதும் கொட்டிவிட்டு வருவதுமாக அருகிலேயே இருந்தார். அடங்கிய பிறகு மெல்லச் சொன்னார்:

"இதை யாராலயும் நடிக்க முடியாது."

"இப்பத் தெரிஞ்சுதா?" என்றாள். மன்னித்துவிட்ட குரல் இல்லை அது.

கண் ஆடியதை அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, விசாரித்து விசாரித்து ஒரு காது டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். வெடுவெடுவென்று பேசுகிற அம்மா. பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "ஒன்றரை வருஷமா ஒருத்தருக்கும் காதைச் சோதிக்கணும்னு தோணலையா?" என்று அந்தச் சீட்டுகளை மேசைமேல் போட்டார். தன் சார்பில் வேறொருவர் கோபப்பட்டு அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சத்தம் புகாத சிறிய அறையில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு விடாமல் அழுத்தினாள். இடது காதுக்குப் பாதி நேரம் விரல் சும்மாவே கிடந்தது. மூளையில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனும் எடுத்தார்கள். கட்டி இல்லை. டாக்டரம்மா சொன்னார்:

"இதுக்கு மெனியர் நோய்னு பேரு. உள்காதுல நத்தைக்கூடு மாதிரி ஒண்ணு இருக்கு, அது கேக்கறதுக்கு. அதை ஒட்டி மூணு வளையம், அது நாம சாயாம நிக்கறதுக்கு. ரெண்டுக்குள்ளயும் ஒரே தண்ணிதான் ஓடுது. உங்களுக்கு அந்தத் தண்ணி அளவுக்கு மிஞ்சிச் சேருது. சேரும்போது காது அடைக்கும், இரையும், மந்தமாகும். அழுத்தம் முத்தினா, நீங்க சும்மா நிக்கும்போதே 'சுத்தறோம், சுத்தறோம்'னு மூளைக்குத் தப்புத் தகவல் போகும். கண்ணு ஆடறது அதனாலதான். தண்ணி வடிஞ்சா காதும் கொஞ்சம் தெளியும்."

"அதான் வந்து வந்து போகுதா?"

"அதான். நீங்க நடிக்கல" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கணவரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

"எதனால வந்துச்சு?"

"அது இன்னும் சரியாத் தெரியல. அடியோட போக்க மருந்தும் கிடையாது. அடக்கி வைக்கலாம். உப்பைக் குறைக்கணும். நீர் பிரியறதுக்கு மாத்திரை தரேன். கேக்கலேன்னா காதுக்குள்ள ஊசி போடலாம். ஆனா கொஞ்சங்கொஞ்சமா அந்தக் காது போகும், மறைக்க விரும்பல. என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னாள். டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"இனிமே ஏறக்கூடாது. ஒரு நாள்கூட. எழுதித் தரேன்."

அவள் குடிக்கவில்லை, நடிக்கவில்லை என்று சொன்ன அதே தாள் அவளை மேலேயிருந்து இறக்கியும் விட்டது.  திரும்பும்போது பேருந்தில் கணவர் ஏதோ கேட்டார். இடப்பக்கம் உட்கார்ந்து கேட்டதால் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அங்கேயே சண்டையாகியிருக்கும்.

மறுநாள் முதலில் கைக்காரரிடம்தான் சொன்னாள். அவர் சந்தோஷப்படுவார், ஆறுதல் சொல்வார் என்று நினைத்துப் போனாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மாறியது.

"அப்ப இந்த ஒன்றரை வருஷமும் உனக்கு வந்துட்டுத்தான் இருந்துதா?"

"காது அடைச்ச உடனே இறங்கிடுவேண்ணே."

"அடைக்காம வந்திருந்தா? முதல் தடவை சொல்லிட்டா வந்துச்சு?" அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "உன்னை நம்பித்தானே தினம் எட்டு டன்னுக்குக் கீழ நின்னேன்! ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்லண்ணேன்னு என் தலைமேல தொங்கவிட்டியே. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

 டாக்டர்கள்மேல் பழியைப் போடலாம். போட்டும் பார்த்தாள், மனதுக்குள். தேறவில்லை. தொப்பியை எடுத்துத் தட்டி நீட்டினாள். அவர் வாங்காமல் போய்விட்டார்.

இனி ஏறக்கூடாதென்று டாக்டர் சொன்னதை ஆபீசில் சொன்ன இரண்டாம் நாள், மேனேஜர் அறையில் அவளுக்காக ஒரு கடிதம் தயாராக இருந்தது. பக்கத்தில் சூப்பர்வைசர்.

"கீழே வேலை போட்டுத் தரோம். கையெழுத்துப் போடுங்க" என்றார் மேனேஜர், பெரிய மனது பண்ணுகிற குரலில்.

அவள் எழுத்துக்கூட்டி நிதானமாக வாசித்தாள். 'முன்பு நிகழ்ந்த ஒழுங்கீனத்தையும் தற்போதைய உடல்நிலையையும் கருத்தில் கொண்டு...'

"ஒழுங்கீனம்னா எது சார்?"

"பழைய விஷயம். பதிவேட்டுல இருக்கறதால எழுதறது. வேலை தரோம்ல, அதை ஏன் கிளறறீங்க?"

"பதிவேட்டுல இருக்கறதை அடிங்க. அப்புறம் கையெழுத்து."

"எழுதினது எழுதினதுதான்" என்றார் சூப்பர்வைசர். "அன்னைக்கு நான் கண்ணால பாத்தேன்."

"மூக்கால பாத்தீங்க. இதோ டாக்டர் கடிதம். கண்ணால பாருங்க." எழுந்து நின்றாள். "உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காங்கதான் சார். அதுக்காக ரோஷத்தையும் குறைச்சுக்கணும்னு சொல்லல."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூப்பர்வைசருக்கு வரவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசிக்கட்டும், இங்கேயே இருக்கிறேன் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று முழுக்க உட்கார்ந்தாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னம்மா என்று கேட்க, எல்லோருக்கும் கேட்கும்படி அந்த ஒரு வரியை ஒப்பித்தாள்.

மூன்றாம் நாள் கைக்காரர் வந்தார். அவளைப் பார்க்காமல் தாண்டி உள்ளே போனார். கதவு சாத்தவில்லை. வலது காதைத் திருப்பினாள்.

"சார், அந்தப் பொம்பளைமேல எனக்குக் கோவம் இருக்கு. அது வேற. ஆனா அன்னைக்கு அந்தச் சுருள் இறங்கினதை நான் பாத்தேன். ஒரு சாண்கூட ஆடல. குடிச்சவன் கை அப்படி இறக்காது. வேணும்னா நான் எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

சாயங்காலம் பதிவேடு வெளியே வந்தது. மேனேஜரே சிவப்பு மையால் அந்த வரியை அடித்து, 'உள்காது நோயால் ஏற்பட்ட தலைச்சுற்றல்' என்று மேலே எழுதி, தேதி போட்டார். சூப்பர்வைசரும் கையெழுத்திட வேண்டியிருந்தது. போட்டார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. அவளும் விடவில்லை. அதன்பிறகு அவர் வைத்த வணக்கம் ஒன்றுக்கும் அவள் பதில் வணக்கம் சொன்னதில்லை.

கீழே அவளுக்குச் சங்கிலி, வடம், கொக்கிகளைச் சோதிக்கும் வேலை. ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் வடத்தை விரலால் தடவி, ஒரு இழை விட்டிருந்தாலும் சிவப்புப் பட்டை கட்டி ஒதுக்கிவிடுவாள். "இன்னும் ஒரு நாள் தாங்கும்மா, லாரி நிக்குது" என்று யார் கெஞ்சினாலும் மசியமாட்டாள். முதல் மாதமே பதினொன்றை ஒதுக்கினாள். வேலை தாமதமாகிறதென்று புகார் போனது. தான் ஒதுக்கிய வடம் ஒன்றை மேனேஜர் மேசையில் கொண்டுபோய்ப் போட்டு, இழையைப் பிரித்துக் காட்டினாள். அதோடு புகார் நின்றது.

மாத்திரையிலும் பத்தியத்திலும் சுற்றல் குறைந்தது. வாரம் ஒன்றாக வந்தது, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்றானது. நிற்கவில்லை. இடது காது டாக்டரம்மா சொன்னபடியே போனது. இரைச்சலை மட்டும் விட்டுவிட்டுப் போனது. வீட்டுக் கதவில் சாய்ந்து, "கேக்கறதைப் பிடுங்கிக்கிட்டு இந்தச் சத்தத்தை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கான்" என்று யாரையென்று இல்லாமல் வைதாள். கணவர் இப்போது வலப்பக்கமாக வந்துதான் பேசுவார். அதையும் சத்தமாகப் பேசினால், "நான் என்ன செவிடா?" என்று விழுவாள். மெதுவாகப் பேசினால் அதற்கும் விழுவாள்.

கைக்காரர் ஐந்து மாதம் அவளோடு பேசவில்லை. ஒரு நாள் மத்தியானம், அவள் பட்டை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "இதைப் பாரு தங்கச்சி. எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார். அவள் வாங்கி, கண்ணி கண்ணியாகத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் ஒரு கண்ணியில் மயிரிழைபோல விரிசல்.

"யாரு இதை மாட்டச் சொன்னது?" என்று ஷெட் அதிரக் கத்தினாள்.