மாப்பிள்ளை போட்ட கையெழுத்து

அப்பா உயில் எழுதியது வீட்டுக்காகத்தான். திண்டிவனத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால், இரண்டு அறையும் ஓர் அடுப்படியும் கொண்ட ஓட்டு வீடு. மல்லாட்டைக் கொல்லைகளில் கடலை பிடுங்கும் கூலிக்குப் போய், செங்கல் செங்கல்லாகச் சேர்த்துக் கட்டியது. பக்கவாதத்தில் விழுந்த அவரைத் தூக்கி உட்காரவைத்துச் சோறு ஊட்டியது நானும் என் வீட்டுக்காரரும். அண்ணன் சர்க்கார் வேலை கிடைத்து, விழுப்புரத்தில் சொந்தமாகக் கட்டிக்கொண்டு போய்விட்டான். கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக் பெட்டியோடு எட்டிப் பார்ப்பான்.

"இந்த வூடு ஒனக்குத்தாம்மா. அவனுக்கு இன்னாத்துக்கு?" என்ற அப்பா, பத்திரம் எழுதுகிறவரை வீட்டுக்கே வரவழைத்தார்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் கோயில் உபதேசியார். இன்னொருவருக்குப் பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் உயிலுக்குச் சாட்சி தேடிப் போனால், மறுநாளே குழி வெட்ட ஆள் பேசிவிடுவார்கள். "வெளி ஆளு வாணாம். மாப்ள போடட்டும்" என்றார்.

"தாராளமா போடலாம். எத்தினி உயில் எழுதிக்கீறேன், மருமவன்தான் போடுவாரு" என்றார் பத்திரக்காரர். அந்த மகராசன் அதுவரை எழுதியதெல்லாம் இந்துக் குடும்பங்களுக்கு. அப்பா இடது கைப் பெருவிரலில் மை தொட்டு உருட்டினார். என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாக்கைக் கடித்தபடி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு நல்ல கையெழுத்து.

அப்பாவுக்குச் சிலுவை நட்ட ஈரம்கூடக் காயவில்லை, அண்ணன் பாகம் கேட்டு வழக்குப் போட்டுவிட்டான்.

விழுப்புரத்து வக்கீலம்மாவிடம் உயிலைக் கொண்டுபோனேன். படித்துக்கொண்டே வந்தவர் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"சாட்சி போட்ட இவரு யாருமா?"

"எங்க வூட்டுக்காரருங்க."

"அடக் கடவுளே" என்று நெற்றியில் கைவைத்தார். கிறிஸ்தவர் எழுதும் உயிலில், சொத்து பெறுகிறவரின் புருஷனோ பெண்டாட்டியோ சாட்சி போட்டால் அந்தச் சொத்து அவருக்குச் சேராதாம். உயிலே இல்லாத மாதிரி, பிள்ளைகளுக்குச் சமபாகமாம். இந்துக்களுக்கு இந்த விதி கிடையாதாம். இரண்டு அறை வீட்டில் பாதியை எங்கே பிரிப்பது? விற்றுத்தான் தீரவேண்டும்.

"இன்னாங்க இது அக்குரும்பு! பெத்தவரு குடுத்தது செல்லாதா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைக் குமாஸ்தா திரும்பிப் பார்த்தார்.

வக்கீலம்மா குரலைத் தணித்தார். "ஒரு வழி இருக்கு. ஒங்க அப்பாவோட பள்ளிக்கூட சர்டிபிகேட்ல இந்துன்னுதான் இருக்கு. கடைசி வரைக்கும் அவரு இந்துதான்னு கூண்டுல சொல்லிடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

எங்கள் ஜனங்களுக்கு இது புதிதல்ல. கோயிலில் ஒரு பெயர், சர்டிபிகேட்டில் ஒரு மதம். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தால் சாதிப் பேச்சு போகாது, சலுகை மட்டும் போய்விடும். வேறென்ன செய்வார்கள்? அண்ணனுக்கு வேலை கிடைத்ததும் அப்படித்தான். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இப்போது அவனே, அப்பா கிறிஸ்தவர், அதனால் உயில் செல்லாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். வேலைக்கு அவன் இந்து, வீட்டுக்கு அப்பா கிறிஸ்தவர். பற்றி எரிந்தது எனக்கு. இந்து என்றே சொல்லிவிடுவது என்றுதான் கோர்ட்டுக்குப் போனேன்.

கூண்டில் நிறுத்தி, "ஒங்க அப்பா எந்த மதம்?" என்று கேட்டார் அண்ணனுடைய வக்கீல்.

வலது கை விழுந்த பிறகு, அந்தக் கையை இடது கையால் தூக்கிப் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சிலுவை போடுவார் அப்பா. நெஞ்சுக்கு வருவதற்குள் நழுவிவிடும். மறுபடி தூக்குவார். நான் உதவிக்குப் போனால் முறைப்பார். அதுதான் கண்முன்னால் வந்து நின்றது.

"கிறிஸ்தவருங்க" என்றேன்.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்ந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அங்கேயே கேட்டிருப்பேன். நான் பெரிய தியாகி என்று யாரும் நினைக்க வேண்டாம். சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று இன்றைக்கும் சில நாள் அழுகிறேன்.

வீடு விலைபோனது. விக்கிரவாண்டியில், லாரிச் சத்தம் ஓயாத ரோட்டோரம் வாடகைக்கு ஓர் இடம் பிடித்தோம். சாமான்களை இறக்கிய அன்று ஓனரம்மா வாடகை ஒப்பந்தத்தை எடுத்துவந்து என்னிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு, "சாட்சிக்கு ஒங்க வூட்டுக்காரரு ஒண்ணு போட்டுடட்டும்" என்றார்.

நான் பேனாவை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் போட்டா வூடு நிக்காதும்மே" என்று சொல்லிவிட்டு, தெருவில் இறங்கி நின்றுகொண்டார்.