கைநாட்டு வைக்கச் சொன்னவள்

மதுரையில் முன்பின் தெரியாதவர்கள்கூட நம் காயத்தை விசாரிப்பார்கள். சிம்மக்கல்லில் பேருந்துக்கு நிற்கும்போது என் கணவர் ராமையாவின் கட்டுப்போட்ட வலக்கையைப் பார்த்துவிட்டு, பூக்கூடையோடு நின்ற அம்மாள் "எந்த மில்லு?" என்றாள். பக்கத்தில் நின்றவர் "கேஸ் போட்டாச்சா?" என்றார். பெயரைக்கூடக் கேட்கவில்லை. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் இருக்கும் நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் இருக்கும் நம் லயத்தில் ஒருவருக்கு அடிபட்டால் அடுத்த வீட்டுக்காரி கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் போய்விடுவாள். கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக வந்து இந்தச் சமவெளியில் ஆளுக்கொரு பக்கம் கிடப்பவர்களுக்குச் சிரிப்பு வராது. எனக்கும் வரவில்லை. கேஸ் என்ற சொல்லைக் கேட்டதும் பேருந்து வருகிறதா என்று திரும்பிக்கொண்டேன். அந்தக் கேஸைக் கெடுத்தவளே நான்தான்.

எங்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று அரசாங்க அட்டையில் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் இருவரும் பிறந்தது இலங்கையில். எங்கே திரும்பினோம் என்பதை அட்டை கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும். பழங்காநத்தத்தில் ஓர் அறை கிடைத்தது. அவருக்கு ஊருக்கு வெளியே பருத்தி அரைக்கும் சின்ன ஜின்னிங் மில்லில் வேலை கிடைத்தது. அங்கே ஓடும் பெல்ட்டை மறைக்க ஒரு தகரமூடி இருக்க வேண்டுமாம். அவர் சேர்ந்த நாளிலேயே அது இல்லை. ஒரு பிற்பகல் பஞ்சை ஒதுக்கப்போன கையை பெல்ட் இழுத்துக்கொண்டது. மூன்று விரல்கள் போயின.

மூன்றாம் நாள் மில்லில் வருகைப் பதிவு பார்க்கும் டயம் ஆபீஸ் குமாஸ்தா ஒரு காகிதத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவரைக் கண்டதும் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. தேயிலை அரைக்கும் ரோலரில் அப்பாவின் கை நசுங்கியபோது, அம்மா எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு தோட்டத்துரையின் பங்களா வாசலில் போய் நின்றாள். "தப்பு எங்க மேலதான் தொரை" என்றாள். அப்பாவுக்குக் காவல் வேலை கிடைத்தது, லயத்து அறையும் பறிபோகவில்லை. தோட்டத்தில் வேலை போனால் கூரையும் போகும். அதனால் நமக்கெல்லாம் அந்த வாக்கியம் தாய்ப்பாலோடு வந்தது. நான் கணவரின் காதில் சொன்னேன்: "தப்பு நம்ம மேலன்னு சொல்லிருங்க. மனசு எரங்கி வேற வேல குடுப்பாங்க." அவரும் சொன்னார். குமாஸ்தா, "மூடியை நானே கழற்றி வைத்தேன்" என்று அவர் சொன்னதாக எழுதினார். எட்டாவது வரை படித்த நான் அதை வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் கணவருடைய இடது பெருவிரலை மையில் தொட்டு வைக்கச் சொன்னேன்.

பக்கத்து வீட்டுப் பாண்டி பெரிய மில் ஒன்றில் தொழிற்சங்கத்துக்காரர், கொட்டாம்பட்டிக்காரர். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன மதினி, இம்புட்டு வெள்ளந்தியா இருக்கீக. ஆளே மூடியக் கழட்டுனா சல்லிக்காசு நஷ்டஈடு கிடையாதுன்னு சட்டத்துல இருக்கு."

"மரியாதைக்குச் சொன்னதுண்ணே."

"மரியாதையை வச்சு ரெண்டு புள்ளையக் காப்பாத்த முடியுமா?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. விரல் போனவரை இனி யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? எங்கள் இரண்டு பெண்களுக்கும் சோறு போடும்போதெல்லாம் அந்தக் காகிதம் கண்முன் வந்து நின்றது. பாண்டிதான் மனு எழுதி, எங்களைத் தொழிலாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே அதிகாரிக்கு எதிரில் குமாஸ்தாவும் உட்கார்ந்திருந்தார். "மூடியை நீங்களா கழட்டுனீங்க?" என்று அதிகாரி கேட்டார். என் கணவர் குமாஸ்தாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "தப்பு என் மேலதான்..." என்று ஆரம்பித்தார். இனி விட்டால் போயிற்று என்று நான் முன்னால் வந்தேன்.

"ஐயா, அப்படிச் சொல்லச் சொன்னது நான்."

"பொய்யின்னு தெரிஞ்சேதானாம்மா?"

"பொய்யின்னு நெனக்கல ஐயா. எங்க நாட்டுல பெரியவங்ககிட்ட அப்படித்தான் பேசுவோம்."

"எந்த நாட்டுல?"

அதிகாரி என்னை விட்டுவிட்டு, மூடி எங்கே என்று என் கணவரிடம் கேட்டார். "நான் சேந்தப்பவே இல்லீங்க" என்றார் அவர், ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க வேண்டியதை. அதிகாரி எழுதிக்கொண்டு மறுபடி கைநாட்டு வாங்கினார். "முதல்ல குடுத்ததும் உங்க வாக்குமூலம்தான், இதுவும் உங்களுதுதான். ரெண்டையும் பாத்துட்டுத்தான் முடிவு சொல்ல முடியும். தபால்ல வரும்" என்றார்.

வெளியே மாடிப்படியில் குமாஸ்தா எங்களைத் தாண்டி இறங்கினார். என் கணவர் அவரை நிறுத்தினார். "ஐயா, மனசுல ஒண்ணும் வச்சுக்கிறாதீங்க. எங்கமேல தப்பிருந்தா மன்னிச்சிருங்க" என்றார். வலக்கையில் மிஞ்சிய இரண்டு விரல்கள் இடக்கையின் ஐந்தோடு சேர்ந்து கும்பிட்டன. "அண்ணே, இன்னும் என்னத்துக்கு?" என்று பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் தடுப்பேன் என்று. என் கைகளும் குவிந்திருந்தன.