எதிர்க்கடை வெளிச்சம்

எங்கள் பஸ் நிறுத்தத்தில் பெட்டிக்கடை வைத்திருந்த அந்த அம்மாவுக்குப் பெரிய மூக்கு. சிகரெட்டும் விற்பார், ஆனால் மீசை நரைத்தவர்களுக்கு மட்டும். டியூஷன் முடிந்து வரும் பையன்கள் புதினா மிட்டாய் கேட்டால், "ஊது" என்று முகத்தை நீட்டுவார். வாடை அடித்தால் மிட்டாய் கிடையாது. "பத்தடி ஓடுனா மூச்சு வாங்குது, இதுல புகை வேறயா? இப்டியே வூட்டுக்குப் போ. உங்கம்மா மோந்து பாக்கட்டும்."

ஒரு மாலை நான் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தபோது, சிகரெட் கம்பெனி ஆள் ஒருவர் விளக்கு எரியும் விளம்பரப் பலகையோடு வந்தார். அதில் ஓர் இளைஞன் பைக்கில் சாய்ந்து புகை விட்டுக்கொண்டிருந்தான். கடையில் இருந்ததோ ஒரே ஒரு மங்கல் பல்பு. அந்த அம்மா பலகையை ஆசையாகத் தடவினார்.

"எங்க மாட்டுவீங்க?"

"மிட்டாய் பாட்டிலுக்கு மேலம்மா. பசங்க கண்ணு அங்கதான் போகும்."

அம்மா கையை எடுத்துக்கொண்டார். "உங்களுக்குப் பசங்க இருக்கா சார்?"

"ஒரு பையன். ஒன்பதாவது."

"அப்போ இவனுக்குப் பதிலா அவன் போட்டோவ ஒட்டி எடுத்துட்டு வாங்க. இன்னிக்கே மாட்டிக்கலாம்."

கம்பெனி ஆள் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் மாலை அந்தப் பலகை எதிர்க்கடையில் ஒளிர்ந்தது. அதன் வெளிச்சத்தில் இந்தக் கடையும் பளிச்சென்று தெரிந்தது.

"இன்னாம்மா, வேணாம்னு சொன்னது இங்கயும் வந்துடுச்சே?" என்றேன்.

"ஓசி வெளிச்சம்ங்க, தடுக்க முடியுமா?" என்றவர், ஸ்டூலைத் திருப்பிப் போட்டு அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். அன்று கடை மூடும்வரை எங்களுக்கும் அவர் முதுகோடுதான் வியாபாரம்.