கரிமூட்டத்துக்கும் மிளகாய்க் களத்துக்கும் நடுவே: கடலாடி பக்கம் ஒரு சமரசப் பேச்சு

2009 பிப்ரவரி. மதுரையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். வழக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்கும் சமரசப் பயிற்சிக்காக மூன்று நாள் ராமநாதபுரம் போனோம். முதல் இரண்டு நாள் வகுப்பறை. தோழிகள் கணவன் மனைவியாக நடித்துச் சண்டை போட, நான் சமாதானம் செய்தேன். நிஜமான ஆட்கள் எப்படிச் சண்டை போடுவார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை 7.10க்கு பஸ். கடலாடி சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் 14 ரூபாய். அங்கிருந்து ஊருக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோ 60 ரூபாய்.

"வெள்ளத் துணியிலயா வாரீக? அங்கன போய்ட்டு வந்தா கறுப்புக் கோட்டு தனியா வாங்க வேணாம்," என்றார் ஆட்டோக்காரர்.

அந்த ஊரில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூடி, உள்ளே புகையவிட்டுக் கரியாக்குகிறார்கள்; அதற்குப் பெயர் மூட்டம். கருப்பையாவின் மூட்டத்துப் புகை, அதற்குத் தெற்கே முத்துராக்கு என்ற பெண் மிளகாய் காயப்போடும் களத்தில் படிந்தது. வியாபாரி மோந்து பார்த்து வேண்டாமென்று போய்விட்டார். ஆத்திரத்தில் முத்துராக்கு மூட்டத்தை உடைக்க, காற்றுப் புகுந்து ஒரு மாத உழைப்பு சாம்பலானது. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மனு கொடுத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தோம். பயிற்சியாளர் என்னைப் பேசச் சொன்னார். தீர்வு நம் வாயிலிருந்து வரக்கூடாது என்று இரண்டு நாள் படித்தவள், ஐந்தே நிமிடத்தில், "மூட்டத்தை வேற இடத்துக்கு மாத்திட்டா என்ன?" என்றேன்.

"தீய அணைக்கத் தண்ணி வேணும்மா. கெணறு அங்கனதான் கெடக்கு. அதையும் தூக்கிட்டுப் போகவா?" என்றார் கருப்பையா.

முத்துராக்கு சிரித்துவிட்டார். "இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியல."

இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். அசடு வழிய, அவரிடம், "நீங்க ஏன் அந்தக் களத்துலயே காயப்போடுறீங்க?" என்று கேட்டேன்.

"கெட்டித் தரை வேற எங்கன இருக்கு? ஈரமண்ணுல போட்டா பூஞ்சணம் பூத்துப்போகும்."

இந்தமுறை நான் வாயைத் திறக்கவில்லை. கருப்பையாதான் பேசினார்.

"மூட்டத்துக்கு வடக்க நம்ம கெட்டித் தரை முள்ளு மண்டிச் சும்மாதான கெடக்கு. இப்ப வாடைக்காத்து. பொகை அங்கிட்டு வராது."

"உன் எடத்துலயா? நாளைக்கு வெரட்டுனா?"

"எழுதித் தாரேன்க்கா."

முத்துராக்கு முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். "ஒடச்சது தப்புதான். அடுத்த மூட்டத்துக்கு நானும் எம்மகளும் மண்ணு பூச வாரோம்."

நான் ஒப்பந்தம் எழுதி வாசித்தேன். முத்துராக்கு நிறுத்தினார்.

"எதிர்மனுதாரர்னா யாரு?"

"கருப்பையாதான்."

"அந்த எதிரிய எடுத்துரும்மா. கருப்பையான்னே போடு."

அடித்துத் திருத்தினேன்.

இப்படிப் போகிற மாணவர்களுக்கு: தண்ணீர் கொண்டுபோங்கள், வெள்ளை உடுத்தாதீர்கள். காற்றின் திசை, கிணறு, தரை மூன்றையும் முதலில் சுற்றிப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல்தான் அசடு வழிந்தேன். கடலாடியில் மாலை பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம். நாங்கள் விட்டோம்.

காரணம், இருவரும் கையெழுத்துப் போட்டு, சாட்சிகள் போட்டு முடிப்பதற்குள் அவர்களைக் காணவில்லை. தேடிப்போனால், வடக்குத் தரையில் நின்று, முள்ளை எதுவரை வெட்டுவது என்று காலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். கோடு எங்கே என்பதில் மறுபடி சத்தம். நான் பக்கத்தில் போய் நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.